சக்கர் மீனுக்கு நாலடிச் சுவர்

தங்கை அந்த மீனை மாவு வாளியில் விட்டு, ஈரத்துண்டால் மூடி, ஆட்டோவில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் கட்டிலில் கிடந்தேன். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் மரக்கவாத்துக்கு ஏறி, வெட்டிய கிளையோடு நானும் கீழே வந்திருந்தேன். மழைக்கு முன்னால் நிழல் மரங்களைக் கழித்துவிட்டால்தான் ஏலச்செடிக்கு வெளிச்சம் விழும். உயரத்தில் நின்று வெட்டுகிற வேலை, அதனால் கூலி கூட. விழுந்தவர்கள் எனக்கு முன்னாலும் உண்டு, பின்னாலும் இருப்பார்கள். இடுப்பில் தகடு வைத்துத் தைத்து, காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

எட்டாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன்பின் திருப்பூர், கோழிக்கோடு, தார் ரோடு போடுகிறவர்களோடு எங்கெங்கோ, கடைசியாக ஏலத்தோட்டங்கள். எந்த இடத்திலும் நிலைத்து இருந்ததில்லை. யாரும் விரட்டவில்லை, கால்தான் நிற்காது. விழுந்த பிறகு போக ஓர் இடம் வேண்டும் என்றபோது போடியில் தங்கை வீடு மட்டும்தான் இருந்தது. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, அதை ஒட்டி அடுப்படி. முன்னறைச் சுவரோரம் எனக்குக் கட்டில் போட்டார்கள். தங்கை ஓர் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கப் போவாள். அவள் புருஷன் ஜீப் ஓட்டுகிறவர். விடியும்போது தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மெட்டுக்குப் போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். நடுவில் உள்ள பகல் முழுக்க வீட்டில் நானும், ஜன்னலோரம் இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன்களும்தான்.

வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். ஒன்றரைச் சாண் நீளத்தில், கறுப்பும் பழுப்புமாகப் புள்ளி போட்டு, கவசம் போட்டதுபோல் முதுகும் அடியில் வட்ட வாயுமாக ஒரு சக்கர் மீன். கெளுத்தி இனத்தைச் சேர்ந்தது. தொட்டிக் கண்ணாடியில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டும். விரல் நீளத்தில் எல்லாக் கடையிலும் விற்பார்கள், தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி. இவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை.

"எங்கிட்டிருந்து புடிச்ச இத?"

"கடையில இருந்ததுண்ணே. நாங்க காய் பொறுக்குற ஹாலுல பெரிய தொட்டி இருந்துச்சுல்ல, அத எடுத்துட்டு ஏசி போடப் போறாக. மத்த மீனெல்லாம் மொதலாளி வீட்டுச் சொந்தக்காரங்க ஆளுக்கொண்ணா கொண்டு போயிட்டாக. இது கருப்பா இருக்குன்னு யாரும் சீண்டல. ஆத்துல விட்டுருங்கன்னுட்டாக."

"விட வேண்டியதுதான?"

"ஆத்துல தண்ணி எங்கண்ணே கெடக்கு? காய் பொறுக்கிப் பொறுக்கிக் கண்ணு அவிஞ்சு போயி நிமுந்தா இதோட மூஞ்சியத்தேன் பாப்பேன். மனசு கேக்கல." வாளியைத் தூக்கி என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். "பகல் முழுக்க நீதேன் இருக்க. இது உம் பொறுப்பு. செத்துச்சுன்னா உன்னையத்தேன் கேப்பேன்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என்னிடம் அதுவரை யாரும் ஓர் உயிரை ஒப்படைத்ததில்லை. கடப்பாரை கொடுத்திருக்கிறார்கள், அரிவாள் கொடுத்திருக்கிறார்கள், லாரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவனிடம் ஒரு வேலையைக் கொடுத்தாளே, அதற்கே அவளுக்கு நான் கடமைப்பட்டவன். அப்போது அது தோன்றவில்லை. இந்தக் கருப்பனைச் சாகாமல் எப்படிப் பார்ப்பது என்பதுதான் தோன்றியது.

வேறு தொட்டி இல்லாததால் தங்கமீன்களோடு விட்டோம். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. இரண்டடி நீளம், ஓரடி அகலத் தொட்டி. இந்த மீன் நீளவாக்கில் படுத்தால் பாதித் தொட்டிக்கு மேல் அடைத்துக்கொள்ளும், குறுக்கே நீட்டிப் படுக்க அகலம் போதாது. திரும்ப வேண்டுமென்றால் உடம்பை வில்லாக வளைத்து, மூக்கு ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமும் உரச, தடால் என்று ஓர் அடி அடித்துத் திரும்பும். ஒவ்வொரு தடவையும் கூழாங்கல் பறக்கும். தண்ணீர் கலங்கிப் போகும். பாதித் தண்ணீரை மாற்றினாலும் அடுத்த நாளே மங்கும். சுத்தம் செய்கிற மீன் என்று பெயர். அது போடுகிற கழிவு தங்கமீன்கள் இரண்டும் சேர்ந்து போடுவதைவிட அதிகம்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் பார்த்தால் பெரிய தங்கமீனின் விலாவில் செதில் உதிர்ந்து, சதை தெரிய ஒரு வட்டம். மறுநாள் அடுத்த பக்கமும். சாயங்காலம் அதைப் பார்த்த மாப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது கொலகாரப் பய மீனு மச்சான். சோறு போட்ட வீட்டுலயே கைய வைக்குது."

"சோறு யாரு மாப்ளே போட்டா?" என்றேன்.

உண்மையிலேயே யாரும் போடவில்லை. சக்கருக்குத் தனியாகத் தீனி வேண்டாம், மற்ற மீன் தின்று கீழே விழுவதைத் தின்று கொள்ளும் என்று மீன் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். கையில் போன் இருந்தது, பகல் இருந்தது. தோட்டத்தில் மலையாளிகளோடு கிடந்ததில் மலையாளம் நன்றாகப் புரியும். அந்தப் பக்கத்தில் மீன் வளர்க்கிறவர்கள் நிறையப்பேர் வீடியோ போடுகிறார்கள். ஒன்றுவிடாமல் பார்த்தேன். மிச்சத்தைத் தின்று இந்த மீன் உயிர்வாழாது என்று அவர்கள் சொன்னார்கள். அதற்குக் காய்கறி வேண்டும், சுரண்ட மரத்துண்டு வேண்டும், பகலில் பதுங்க ஓர் இருட்டு மூலை வேண்டும். இது எதுவும் இல்லாமல் பசியோடு இருந்தால், அசையாமல் தூங்கும் தட்டையான மீனின் மேல் ஒட்டி அதன் வழுவழுப்பை வழித்துத் தின்னும். தங்கமீன் இருட்டினால் தூங்கும், சக்கர் இருட்டினால்தான் எழும். அவ்வளவுதான். குற்றம் என்று யார்மேலும் சொல்ல முடியாது.

தோட்டத்து லயக் குடியிருப்புகளில் ஒரே அறையில் பலரோடு படுத்திருக்கிறேன். பகல் வேலைக்காரனையும், இரவில் காய் உலர்த்தும் அடுப்புக்கு விறகு போடுகிறவனையும் ஒரே அறையில் போட்டால் ஒரு மாதத்தில் கைகலப்பு வரும். இரண்டு பேரும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். அதனால் எனக்கு அந்த மீன்மேல் கோபம் வரவில்லை. வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி, ஒரு ஸ்பூன் காம்பில் குத்தித் தண்ணீருக்குள் இறக்கினேன். விளக்கை அணைத்த கொஞ்ச நேரத்தில் தோல் மட்டும்தான் மிச்சம். எத்தனை நாள் பசியோ.

பசி தீர்ந்தாலும் இடம் தீராது. அந்த வீடியோக்கள் எல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லின. நாலடி நீளத்துக்குக் குறைந்த தொட்டி இந்த மீனுக்கு ஆகாது. நீளம் மட்டும் போதாது, அகலம் முக்கியம். மீன் உடம்பை மடக்காமல் வட்டமாகத் திரும்ப வேண்டும். உயரம் அவ்வளவு தேவையில்லை, அடித்தரையில் கிடக்கிற மீன். வால் ஓரம் ஏற்கெனவே உரசி உரசித் தேய்ந்து வெளுத்திருந்தது. இதே தொட்டியில் விட்டால் அழுக்கிலோ புண்ணிலோ போய்விடும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. தங்கையிடம் சொன்னேன். அவள் புருஷனிடம் சொன்னாள்.

"அதுக்கென்ன, மேல கொண்டுபோய் விட்ருவோம்," என்றார் மாப்பிள்ளை. "தோட்டத்துல படுதாக்குளம் கெடக்கு. கடல் மாதிரி இருக்கும்."

படுதாக்குளம் என்பது மலையில் குழி தோண்டி, பிளாஸ்டிக் படுதா விரித்து, மழைத்தண்ணீரைத் தேக்குகிற குளம். கீழே இடம் இல்லாத எதையும் மலைக்கு ஏற்றிவிடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். பழைய ஜீப்பு, அடங்காத நாய், வேலை கிடைக்காத மனிதர்கள் எல்லாம் அப்படி ஏறியவைதான். நானும் அப்படி ஏறியவன்.

"மேல பனி விழும் மாப்ளே. இது வெப்பத்துல இருக்குற மீனு, குளிருல வெறச்சிரும். அதுவும் போக, மருந்து கலக்குறதே அந்தக் கொளத்துக் கரையிலதான."

அவர் யோசித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் கடைக்காரரையே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். தொட்டிகளும் அவரே ஒட்டிக் கொடுப்பார். ஒரு துணிக்கடை முகப்பை மாற்றியபோது கழற்றிய தடித்த கண்ணாடி அவரிடம் கிடந்தது, அதை வெட்டி ஒட்டலாம் என்றார். டேப்பை எடுத்து அறையை அளந்தார். ஒரு சுவரில் கதவு. ஒன்றில் ஜன்னலும் டிவியும். ஒன்றில் பீரோவும் பின்னறைக்குப் போகும் வழியும். நாலாவது சுவரில் நான்.

"நாலடிக்கு இந்தச் செவருதேன் இருக்கு," என்று சொல்லிவிட்டு என் தலைமாட்டைப் பார்த்தார்.

அப்போது நான் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தேன். போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அது எனக்குப் புதிதில்லை. வருத்தமாகச் சொல்லவும் இல்லை.

"நான் கெளம்புறேன் ஆத்தா. தேவாரத்துப் பக்கம் ஒரு மாந்தோப்புல காவலுக்கு ஆளு கேக்குறாக. உக்காந்து பாக்குற சோலிதான்."

தங்கை என்னை முறைத்தாள். "யானை வந்தா எந்திரிச்சு ஓடுவியா? ஓடிருவியாக்கும்!"

"இல்ல ஆத்தா, எடத்துக்கு…"

"மீனுக்கு எடம் பண்ண அண்ணன வெரட்டுனான்னு ஊருக்குள்ள என்னையச் சொல்லட்டும், அதான ஒனக்கு வேணும்?" புருஷனைப் பார்த்துத் திரும்பினாள். "கட்டிலத் திருப்பிப் போடுங்க."

"எங்கிட்டுத் திருப்ப? கால்மாடு வழியில நிக்கும்."

"நிக்கட்டும். ஒருச்சாச்சுப் போவோம்."

அவர் அளந்து பார்த்தார். கட்டிலைக் குறுக்காகப் போட்டால் கால் பக்கம் பின்னறை வாசலை முக்கால்வாசி அடைத்தது. "மச்சான், காலைல காப்பிக்கு வரும்போதெல்லாம் ஒங்க கால்ல விழுந்து எந்திரிக்கணும் போலருக்கே," என்று சிரித்தார். "ஆசீர்வாதம் பண்ணி விடுறேன் மாப்ளே," என்றேன். மீன் கடைக்காரர் அளவை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார்: நாலடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரையடி உயரம். அந்த அளவை நான் சொன்னேன். இடத்தை அவர்கள் கொடுத்தார்கள்.

கண்ணாடி ஒட்டிய பசை நன்றாகக் காய வேண்டும், பிறகு தண்ணீர் நிரப்பிக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை மீன் எங்கே இருப்பது? தங்கமீன்களின் புண் ஆறவேண்டுமானால் சேர்த்து வைக்கக் கூடாது. மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை ஜீப்பின் கூரையில் நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் கேட்டு வாங்கி, நீளவாக்கில் பாதியாக அறுத்துத் தொட்டிபோல ஆக்கியிருந்தார். மீனுக்கு நீட்டிப் படுக்க வசதியாக இருக்கும் என்று அவரே யோசித்துச் செய்தது.

"என்ன டிரம்மு மாப்ளே இது?"

"தண்ணி டிரம்முதேன் மச்சான். ஓடையில போட்டு மண்ணு வச்சுத் தேச்சுத்தேன் கொண்டாந்தேன்."

தங்கை மறுபடி ஒரு தடவை தேய்த்துக் கழுவினாள். வாசலில் நிழல் பார்த்து வைத்து, குளோரின் நெடி போகப் பிடித்து வைத்திருந்த பழைய தண்ணீரை ஊற்றி, மீனை விட்டோம். மீன் நேராக நீண்டு படுத்தது. எல்லோருக்கும் நிம்மதி.

மறுநாள் பகலில் போய்ப் பார்த்தால் மீன் தண்ணீரின் மேல்மட்டத்தில் இருந்தது. அடியில் கிடக்கிற மீன் மேலே வந்து காற்றை விழுங்குகிறது. உடம்பில் கரும்புள்ளிகள் மங்கி, மேலே பால் தெளித்ததுபோல் ஒரு படலம். செவுள் படபடவென்று அடித்தது. கையை விட்டுத் தொட்டேன், விலகவில்லை. டிரம்மின் மடிந்த விளிம்புக்கு அடியில் விரலை விட்டுத் தடவினேன். பொருக்காக ஏதோ உதிர்ந்தது. வெளியே எடுத்து வெயிலில் பார்த்தேன்: மயில் கழுத்து நீலம்.

அந்த நிறம் எனக்குத் தெரியும். துரிசும் சுண்ணாம்பும் கலந்து ஏலச்செடிக்கு அடிக்கிற மருந்து. அடித்தால் நகக்கண்ணிலும் சட்டையிலும் அந்த நீலம் போகவே போகாது. துரிசில் இருப்பது தாமிரம். தாமிரம் கெளுத்தி இனத்துக்கு விஷம் என்று அந்த மலையாள வீடியோக்களில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். இந்த மீனுக்கு முதுகில்தான் கவசம், வயிறு வெறும் தோல். யாரோ தண்ணீர் டிரம் என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார்கள், இவரும் நம்பி வாங்கியிருக்கிறார். மலையில் எல்லா டிரம்மும் நீலம்தான், எதில் எது கலக்கினார்கள் என்று கொடுக்கிறவருக்கே தெரியாது.

வீட்டில் நான் மட்டும். இரண்டடித் தொட்டியை மீனை மாற்றிய அன்றே மருந்து உப்புப் போட்டுத் தங்கமீன்களுக்கு வைத்தியசாலை ஆக்கியிருந்தோம். பரணில் தங்கையின் கல்யாண அண்டா இருந்தது, ஆனால் அது பித்தளை, அதிலும் தாமிரம்தான். பக்கெட்டுகளில் மீன் நீளத்துக்கு இடமில்லை. எங்கள் காம்பவுண்டில் எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. ரொம்பப் பழைய தொட்டி, உள்ளே பாசி பிடித்து வழவழப்பாக இருக்கும். குழாயில் தண்ணீர் நினைத்த நாளில் வராது. வந்த அன்று அந்தத் தொட்டியை நிரப்பி வைத்து, அடுத்த முறை வரும்வரை அவர்கள் வீடு முழுவதும் அதில்தான் குளிக்கும், துவைக்கும். கம்பை ஊன்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"அக்கா, ஒங்க தொட்டியில எங்க மீன விடணும்."

அவர் கையில் கரண்டியோடு வந்தார். "என்னது?"

"சாகப் போகுதுக்கா. வேற எடமில்ல. பழைய தண்ணிதான் வேணும், ஒங்ககிட்டதான் இருக்கு."

"வெளையாடுறியா தம்பி? அடுத்த தண்ணி என்னைக்கு வருமோ. மீன் குளிச்ச தண்ணியில எம் பிள்ளைகளுக்குத் துணி அலசவா?" திட்டிக்கொண்டேதான் செருப்பை மாட்டினார். வாசலுக்கு வந்து டிரம்மைக் குனிந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து மீன் கண்ணை உள்ளே உருட்டியது. சக்கர் மீனுக்கு இமை கிடையாது, ஆனால் கண்ணைக் குழிக்குள் உருட்டி எடுக்கும். பார்ப்பதற்கு ஒரு கண்ணைச் சிமிட்டியது போலவே இருக்கும்.

"ஆத்தி! சாகப் போற நேரத்துல கண்ணடிக்குது பாரு, எடுவட்ட பயலே!" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன மரமாட்டம் நிக்கிற, தூக்கு வெரசா."

என்னால் குனிந்து தூக்க முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. தோளில் கிடந்த துண்டை நனைத்து, அவரே மீனைச் சுற்றி வாரி எடுத்தார். மீன் துடுப்பு முட்களை விறைத்துக்கொண்டு துண்டில் சிக்கிக்கொண்டது. இழுக்கப் போனவரைத் தடுத்து, "துண்டோட போடுங்கக்கா, தண்ணிக்குள்ள அதுவே விடும்," என்றேன். துண்டோடு தொட்டியில் இறக்கினார். துண்டு மெல்ல விரிந்து மேலே மிதந்தது. மீன் கல்லைப் போல அடிக்குப் போனது.

"போச்சா?" என்றார்.

"தெரியலக்கா."

சுவரோரம் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். ரொம்ப நேரம் மீன் அசையவில்லை. செவுள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்தது. அது தேறுகிற குறைவா, அடங்குகிற குறைவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மீன் கிடந்த நிலையைப் பார்க்க எனக்கு மரத்தடியில் நான் கிடந்ததுதான் நினைவு வந்தது. அப்போதும் நாலு பேர் இப்படிச் சுற்றி நின்றார்கள். எங்கள் மேஸ்திரி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஜீப் வரும் வரை பக்கத்துப் பொட்டிபுரத்தில் பூமிக்குள் என்னமோ ஆராய்ச்சிக்குத் தோண்டப் போவதாக ஊரில் பேசிக்கொண்ட கதையை என்னிடம் பேசிக்கொண்டே இருந்தார். என்னைத் தூங்க விடாமல் வைத்திருக்கத்தான் பேசினார் என்று பிறகு புரிந்தது.

சாயங்காலம் வந்த மாப்பிள்ளை விஷயத்தைக் கேட்டுத் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஆசையா கொண்டாந்தேன் மச்சான்," என்று மட்டும் சொன்னார். தங்கை அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவர் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டாள். அவர் ஜீப்பிலிருந்து கம்பியை எடுத்துவந்து, இனி யாரும் எதற்கும் பயன்படுத்தாதபடி அந்த டிரம்மைப் பல இடத்தில் குத்தி ஓட்டை போட்டார்.

காலையில் எதிர்வீட்டு அக்கா சத்தம்தான் என்னை எழுப்பியது. "தம்பி! ஒங்காளு செவுத்துல ஏறி உக்காந்திருக்கான்!" போய்ப் பார்த்தேன். தொட்டிச் சுவரில் வாயை ஒட்டி, நெடுநாள் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. புள்ளிகள் கறுப்பாகத் திரும்பியிருந்தன. சிமெண்டில் அது போன வழியெல்லாம் கோலம் போட்டது போலத் தெரிந்தது.

புதுத் தொட்டி தயாராகும்வரை அது அங்கேயே இருந்தது. அத்தனை நாளும் அந்த வீட்டார் தெருமுனை அடிபம்பில் அடித்துச் சுமந்தார்கள். ஒருநாளும் எடு என்று சொல்லவில்லை. திட்டுவதை மட்டும் விடவில்லை. "குளிக்காம நாறிக்கிட்டுத் திரியுறோம், தொர நீச்சலடிக்கிறாரு," என்பார். ஒருமுறை இட்லியைப் பிய்த்துப் போடப் போனார், தடுத்தேன். அடுத்த நாள் பூசணிக்காய்த் தோலைப் போட்டிருந்தார். அதை மீன் விரும்பித் தின்றது. பிறகு அவர்கள் வீட்டுச் சமையலில் பூசணி அடிக்கடி வந்ததாகக் கேள்வி.

மீன் சுரண்ட மரத்துண்டு தேடி நான் கொட்டக்குடி ஆற்றுக்குக் கம்பை ஊன்றி நடந்தேன். விழுந்த பிறகு அவ்வளவு தூரம் நடந்தது அன்றுதான். தோட்டத்து மரத்தில் மருந்து இருக்குமோ என்ற பயத்தில் ஆற்றில் தேடினேன். வெள்ளம் உருட்டிக் கொண்டுவந்து கல்லிடுக்கில் விட்டுப்போன ஒரு பழைய வேர் கிடைத்தது. தங்கை அதை ஊறவைத்து, வேகவைத்து, சாறு இறங்கி இறங்கிப் பாலில்லாத கட்டன் சாயா மாதிரி ஆன தண்ணீரை, நிறம் போகும்வரை மாற்றி மாற்றி ஊற்றினாள்.

தொட்டியைச் சுவரோரம் இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினார்கள். மாப்பிள்ளை ஜீப்புக்கு பாடி கட்டும் பட்டறையில் பற்றவைத்த ஸ்டாண்டு. யானை ஏறினாலும் வளையாது என்றார். தண்ணீர் நிரப்பி, தண்ணீர் பதப்படச் சில வாரம் வெறுமனே வடிகட்டியை ஓடவிட்டு, பிறகு மீனை மாற்றினோம். தங்கமீன்கள் புண் ஆறி இரண்டடித் தொட்டியிலேயே இருந்துகொண்டன.

இவ்வளவு பெரிய தொட்டியில் ஒரே மீனா என்று மீன் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. கடையில் ஒவ்வொரு தொட்டியாக என்னைக் கூட்டிப்போனார்.

"இன்னொரு சக்கரு போடுங்கண்ணே. சோடியா இருக்கும்."

"ரெண்டும் வளந்தா ஒரே பொந்துக்குச் சண்ட போடும்."

"அப்ப ஏஞ்சலு? என்னா அழகு பாருங்க."

"தட்டையா இருக்கு. இவன் ராத்திரி போய் ஒட்டிக்குவான்."

"இந்தா, குட்டியா கப்பி."

"அவன் வாலடிச்சாலே போயிரும்."

"பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொற சொல்றீகளேண்ணே!"

கடைசியில் ரோசி பார்ப் என்கிற செம்பொன் நிற மீன் ஒரு கூட்டம். வேகமானவை, உருண்டையான உடம்பு, நடுத் தண்ணீரில் கூட்டமாக ஓடும், தரைக்கு வந்து யாரையும் தொல்லை செய்யாது. இவனைவிடச் சின்னவைதான், ஆனால் ஒரு அடி அடித்தால் விலகத் தெரிந்தவை. இவன் தரையில், அவை நடுவில். ஒருவர் வழியில் ஒருவர் வராத வீடு. நாங்கள்தான் எங்கள் வீட்டில் தினமும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நடக்கிறோம். தங்கை காப்பியோடு என் காலைச் சுற்றி ஒருச்சாய்த்துப் போகிறாள், மாப்பிள்ளை தாண்டிப் போகிறார், எதிர்வீட்டு அக்கா வந்தால் கட்டிலிலேயே உட்கார்ந்துவிடுகிறார். யாரும் அதை ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

போன வாரம் நானும் மாப்பிள்ளையும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"மச்சான், இது நல்லாப் பாத்துக்கிட்டா பத்துப் பதினஞ்சு வருசம் இருக்குமாம்ல."

"அப்படித்தான் சொல்றாக."

"அப்ப அதுவரைக்கும் ஒங்களுக்கு வேற சோலி கெடயாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் பதிலுக்காகக் காத்திருந்தார். அடுப்படியில் தங்கையின் பாத்திரச் சத்தம் நின்றது. எந்த ஊரிலும் எவரிடமும் அடுத்த மாதத்துக்குக்கூட வாக்குக் கொடுக்காதவன் நான்.

"சரி மாப்ளே," என்றேன்.

பாத்திரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. வேருக்கு அடியிலிருந்து மீன் வெளியே வந்து, கண்ணாடியோரம் போய், மெதுவாகச் சுரண்டத் தொடங்கியது. வெள்ளரிக்காய் தீர்ந்துபோனது அப்போதுதான் நினைவு வந்தது. கம்பை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன்.